மாடிச் சுவரும் ஓதுவார் தொண்டையும்

"சாமி, அந்த டாக்டருக்குத் தொண்டைக்கும் வயித்துக்கும் வித்தியாசம் தெரியலை!"

வந்த கோபத்தில் உமாபதி ஓதுவார் கும்பிடக்கூட மறந்துவிட்டார்.

மடத்துச் சாமிக்கு வயது முப்பத்தாறு. சீடரான ஓதுவாருக்கு ஐம்பத்தெட்டு. வயதைப் பார்த்தா குருவைத் தேடுவது?

"உட்காருங்க. என்ன சொன்னார்?"

"க்கும். மூக்கு வழியா ஒரு குழாயை விட்டுப் பார்த்தார். தொண்டை சிவந்து வீங்கியிருக்காம். ஆனா கோளாறு அங்க இல்லையாம். வயித்துப் புளிப்பு மேல ஏறி வந்து தொண்டையைச் சுடுதாம்."

"நெஞ்செரிச்சல் உண்டா?"

"அதான் இல்லையே! நெஞ்சு எரியாமலே தொண்டைக்கு வருமாம். நெஞ்சுக்குத் தெரியாம ஏறி வர அது என்ன கள்ளனா? க்கும்."

"காலையில குரல் எப்படி?"

"தகர டப்பா. தொண்டைக்குள்ள உருண்டையா ஒண்ணு நிக்குது சாமி. முழுங்கினாலும் போகலை, காறினாலும் வரலை."

"மருந்து?"

"வெறும் வயித்துல ஒரு மாத்திரை. சாப்பிட்ட கையோட படுக்கக் கூடாதாம். எண்ணெய், காரம் ஆகாதாம். செருமவும் கூடாதாம். க்கும்."

"கேக்குறீங்களா?"

"மாத்திரை போடுறேன். மத்ததெல்லாம் எதுக்கு? தொண்டை கெட்டா தொண்டைக்குத்தானே பண்டுவம் பார்க்கணும்?"

முப்பத்தொரு வருஷமாகக் குருபூசையன்று முதல் பதிகம் அவர் குரலில்தான். குருபூசைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதற்குள் மடத்து மேனேஜர், "இந்த வருஷம் பதிகத்தை ஸ்பீக்கர்ல போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அதைச் சாமியிடம் சொல்லும்போது ஓதுவாருக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், பாட்டை விட்டால் மனுஷனுக்கு வேறு நாதியில்லை.

சாமி மாடியைக் காட்டினார்.

"அந்த அறைச் சுவரெல்லாம் கரி. துடைச்சுவிடுங்க."

"சாமி, என் குரலுக்கும் சுவருக்கும்..."

சாமி கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடினால் பேச்சு முடிந்தது.

மறுநாள் காலையில் ஓதுவார் சோப்புப் போட்டுத் துடைத்தார். சுவர் பளிச்சென்று ஆனது. மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, அந்த அறையிலேயே மல்லாந்தார். எழுந்து பார்த்தால் சுவரில் கரி.

இரண்டாம் நாள் சோடா உப்புப் போட்டுத் தேய்த்தார். சாயங்காலம் கரி.

மூன்றாம் நாள் சுண்ணாம்பே அடித்துவிட்டார். அதன் மேலும் கரி.

"சாமி, இந்தச் சுவரே சரியில்லை. இடிச்சுட்டு வேற கட்டணும்."

"அப்படியா? இன்னும் அழுத்தித் தேய்ச்சுப் பாருங்களேன்."

தேய்த்தார். காரை பெயர்ந்து காலில் விழுந்தது.

நாலாம் நாள் ஓதுவாருக்கு ரோஷம் வந்துவிட்டது. தூங்குவதில்லை என்று சுவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பந்தி முடிந்தது. இலை எடுத்தார்கள். சற்று நேரத்தில், மாடிப்படி வழியாக மெல்ல ஏறி வந்தது புகை.

மடத்துச் சமையலுக்கு கேஸ் வந்து வருஷம் ஆறாகிறது. அப்புறம் விறகுப் புகை எங்கிருந்து வருகிறது? பக்கத்திலிருந்த கரித்தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கினார்.

அடுக்களை மூலையில் பழைய விறகடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. சமையல்காரர் குற்றாலிங்கம் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் கரண்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏ குற்றாலிங்கம்! மேல ஒருத்தன் தேய்ச்சுத் தேய்ச்சுச் சாகுறேன், நீ இங்க உட்கார்ந்து புகை போடுறியாடே? சுவர்ல ஒரு கோளாறும் இல்லை. கோளாறெல்லாம் கீழ, உன் அடுப்புல இருக்கு! இதை அணைக்காம நான் மேல எத்தனை நாள் துடைச்சு என்னத்துக்கு ஆகும்?"

குற்றாலிங்கம் பேந்தப் பேந்த விழித்தார்.

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்குறீங்க? இந்த அடுப்பே உங்களுக்காகத்தானே எரியுது!"

"எனக்கா?"

"தூங்கி எழுந்ததும் தினம் மிளகு வடை தின்கிறது யாரு? எண்ணெய் பட்டாத் தொண்டை இளகும், காரம் பட்டாக் குரல் திறக்கும், அதையும் விறகுலதான் சுடணும்னு நீங்கதானே சொன்னீங்க? பத்து போட்டா, பத்தலைன்னு இருபது போடச் சொன்னதும் நீங்கதானே?"

ஓதுவார் சட்டியைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். கை தானாக வயிற்றுக்குப் போனது.

பிறகு எண்ணெய்ச் சட்டியைத் துணியால் பிடித்து இறக்கி ஓரமாக வைத்தார். வாளியைத் தூக்கி, அத்தனை தண்ணீரையும் அடுப்பில் கொட்டினார்.

"ஐயையோ அண்ணாச்சி! உங்க தொண்டைக்காகல்லா சுட்டேன்!"

"நானும் தொண்டைக்குத்தாண்டே ஊத்துறேன்" என்றார் ஓதுவார்.