மதிய உறக்கத்தில் அரைத்த மிளகாய்

எரிமேனி அம்மன் கோயிலில் அம்மியையும் அம்மனையும் கழுவுவதுதான் பாவாத்தாள் அம்மையாரின் ஊழியம். அநியாயத்துக்கு ஆளானவர்களெல்லாம் அந்தக் கோயிலைத் தேடி வருவார்கள். மாட்டைப் பறிகொடுத்தவரோ, வரப்பை இழந்தவரோ, யாராயிருந்தாலும் சன்னதிக்குக் கீழே கிடக்கும் அம்மியில் வரமிளகாயை வைத்துத் தம் கையாலேயே அரைப்பார்கள். அரைத்த விழுதை அம்மன் மேனியில் அப்பி, எதிராளியின் பேரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அம்மன் எரிவாள். எரிகிறவள் சும்மா இருப்பாளா? அந்தப் பேருக்கு உரியவனைத் தேடிப் போவாள். மலையடிவாரத்து ஊர்களில் இன்றைக்கும் இதுதான் நம்பிக்கை.

அப்படி ஊரே அப்பிவிட்டுப் போன எரிச்சலை ஒவ்வொரு நாளும் அந்தியில் கழுவி எடுத்தவர் பாவாத்தாள். முதலில் மோர், பிறகு மஞ்சள் தண்ணீர், கடைசியில் வெண்ணெய். "ஆத்தா, இன்னைக்கு ரொம்ப எரிச்சுப்போட்டாங்களா? சித்தே பொறுத்துக்க, இதா ஆச்சு" என்று கைக்குழந்தையிடம் பேசுவது போலப் பேசிக்கொண்டே துடைப்பார். அவர் கைகள் எந்நேரமும் எரிந்தன. கண்ணில் தூசு விழுந்தால்கூடக் கசக்க முடியாது. இதற்குக் கூலி கோயிலில் ஒரு வேளைச் சோறு. அந்தச் சோற்றையும் எரியும் கையால்தான் பிசைந்து தின்றார். ஒரு நாளும் அவர் முகம் சுளித்ததில்லை.

அந்த ஊழியத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அம்மனைக் குளிர்விக்கிற கை அரைக்கக் கூடாது. கழுவுகிறவள் தனக்கென்று ஒரே ஒரு மிளகாயை அரைத்தாலும், அன்றைக்கே கோயிலை விட்டு வெளியேறிவிட வேண்டும். மறுபடி அம்மனைத் தொட முடியாது.

இப்போது ஒரு பாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராக்கியண்ணன் என்று பேர். ஊரில் பெரிய தோட்டக்காரர், 'பண்ணாடி' என்று எல்லோரும் கைகட்டி நின்ற ஆள். அவர் கிணற்றை ஆழப்படுத்தும் வேலைக்குப் போனவர்தான் அம்மையாரின் கணவர் மாரப்பன். பாறையில் குழி போட்டு, வெடிமருந்தைக் கெட்டித்து, திரியை மேலே விட்டுவிட்டு ஆட்கள் ஏறி வருவார்கள். மேலே நிற்பவர் மூன்று முறை "வெடி!" என்று கூவி, எல்லோரும் கரையேறிவிட்டார்களா என்று பார்த்த பிறகே திரியில் நெருப்பு வைக்க வேண்டும். அன்றைக்கு மேலே நின்றவர் ராக்கியண்ணன். மாரப்பன் பாதிக் கயிற்றில் ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடி வெடித்தது.

அதோடு விட்டாரா அந்த மனிதர்? ஊர்ச்சபையில் எழுந்து நின்று, "மாரப்பன் மூக்கு முட்டக் குடிச்சிட்டு எறங்கினான். ஏறுடான்னு கத்துனேன், காதுலயே வாங்கலை" என்றார். பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதையும் குடித்தறியாத மனிதர் மாரப்பன். சபையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அன்று முதல் அம்மையார் தெருவில் நடந்தால், "குடிச்சுட்டுக் கெணத்துல செத்தானே, அவன் பொண்டாட்டி" என்றுதான் சொன்னார்கள்.

அதற்குப் பிறகுதான் அவர் கோயிலில் போய் நின்றார். அரைக்கத்தான் போனார். மடியில் மிளகாய் இருந்தது. ஆனால் யாரோ அப்பிவிட்டுப் போன விழுது காய்ந்து, அம்மனின் முகம் வெடித்துக் கிடந்ததைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை. பழைய அம்மிக்காரி இறந்து மாதக் கணக்கில் கழுவ ஆளில்லை என்று பூசாரி அய்யாவு சொன்னார். அம்மையார் மிளகாயை வெளியே கொட்டிவிட்டு மோர்ச் சட்டியைக் கையில் எடுத்தார். ஆறு வருஷம் அந்தச் சட்டியைக் கீழே வைக்கவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? அரைக்க வந்த குருவம்மாள் என்பவள் ஒருநாள் மூஞ்சிக்கு நேராகவே கேட்டாள்: "ஊராருக்கெல்லாம் ஞாயம் கெடைக்குது. உன்ற புருசனுக்கு ஒரு மொளகா அரைக்க உனக்குத் துப்பில்லையா அக்கா?"

"எல்லாரும் அரைச்சா ஆத்தாளை ஆரு அம்மிணி கழுவறது?" என்றார் அம்மையார்.

அடியார்கள் என்றால் சாந்த சொரூபிகள், கெடுதல் செய்தவனையும் வாழ்த்துகிறவர்கள் என்று எழுதி எழுதி நம்மைப் பழக்கிவிட்டார்கள். பாவாத்தாள் அம்மையார் அப்படியில்லை. அவர் நெஞ்சில் பழி இருந்தது. ராக்கியண்ணனின் வண்டிச் சத்தம் கேட்டால் அவருக்குப் பல் நறநறக்கும். வெண்ணெய் சாத்தும்போது, "ஆத்தா, நான் கேக்க மாட்டேன். கேக்காட்டி உனக்குத் தெரியாதா?" என்று மட்டும் சொல்வார். அந்தக் கோபத்தையும் தம்முடைய பக்தியையும் அவர் இரண்டாகப் பிரித்து வைத்ததே இல்லை.

உச்சிப் பூசை முடிந்ததும் பூசாரி வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போவார். அம்மையார் உள்ளேயே மண்டபத்துத் தரையில் கொஞ்சம் கண்ணயர்வார். அந்த உறக்கத்தில்தான் கனவு வரத் தொடங்கியது. கனவிலும் அதே மண்டபம், அதே வெயில். அவர் எழுந்து போய் மிளகாய் எடுத்து வைப்பார், குழவியை உருட்டுவார், அப்புவார், "ராக்கியண்ணன்!" என்று தொண்டை கிழியக் கத்துவார். பிறகு விழித்துக்கொள்வார்.

முதலில் அவர் பயப்படவில்லை; கனவுதானே என்று இருந்தார். பிறகு சந்தேகம் வந்தது. கனவில் வலி தெரியாது, எரிச்சல் தெரியாது என்பார்கள். அவருக்குக் கனவிலும் கை எரிந்தது, விழித்தாலும் கை எரிந்தது. மற்றவர்கள் கிள்ளிப் பார்த்துக் கண்டுபிடிப்பதை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு படுத்துப் பார்த்தார். கனவிலும் அந்த முடிச்சு இருந்தது. அம்மி ஈரமா என்று பார்த்தார்; அது எந்நேரமும் ஈரம்தான்.

ஒருநாள் பூசாரி வந்து கதவைத் திறந்த சத்தத்தில் அம்மையார் விழித்தார். அம்மன் மேனி முழுக்கப் புது விழுது, செக்கச் செவேலென்று வழிந்துகொண்டிருந்தது.

"யாரு வந்தா?" என்றார் பூசாரி.

"ஒருத்தரும் வரலைங்க சாமி."

"பூட்டு போட்டது போட்டபடி இருக்குது. உள்ள இருந்தது நீ மட்டுந்தான்."

அம்மையாரால் 'நான் இல்லை' என்று சொல்ல முடியவில்லை. 'நான்தான்' என்றும் சொல்ல முடியவில்லை. ஊழியம் போய்விடுமே என்று பயந்தார். அதே நேரத்தில் உள்ளுக்குள் மகிழ்ச்சி பொங்கியது. ஆம், மகிழ்ந்தார். அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

பூசாரி அவசரப்படவில்லை. அந்தக் கோயிலில் இதற்கு ஒரு வழி உண்டு. நியாயம் கிடைத்த பிறகு, அரைத்தவர் வந்து அந்த அம்மியில் நல்லெண்ணெய் ஊற்ற வேண்டும். அப்போதுதான் எதிராளியின் எரிச்சலும் அவனைத் தேடிப் போன அம்மனின் எரிச்சலும் முழுதாகத் தணியும். அரைத்த கையே ஊற்றினால் எண்ணெய் கல்லில் ஊறிவிடும். வேறு கை ஊற்றினால் ஒட்டாமல் வழிந்து ஓடிவிடும். "எண்ணெய் ஊத்துற நாள் வரட்டும், தன்னால தெரிஞ்சு போகும்" என்று சொல்லிவிட்டார்.

அதே மத்தியானம் ராக்கியண்ணனின் உடம்பு பற்றிக்கொண்டது. உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஒரே எரிச்சல். வைத்தியர் பூசியதெல்லாம் வீண். வாழை இலையில் படுத்தார், இலை கருகுவதாகக் கத்தினார். கடைசியில் கழுத்தளவு தண்ணீரில் போய் நின்றுகொண்டார். எந்தத் தண்ணீரில்? மாரப்பன் செத்த அதே கிணற்றில்! எட்டு நாள் அங்கேயே கிடந்து அலறினார். கிணற்றுமேட்டுப் பக்கம் போனவர்களுக்கெல்லாம் அந்த அலறல் கேட்டது. நன்றாகக் கேட்கட்டும்.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை காலை, ஈர வேட்டியைச் சுற்றிக்கொண்டு வண்டியில் கோயிலுக்கு வந்து இறங்கினார். வேடிக்கை பார்க்க ஊரே திரண்டிருந்தது.

"பாவாத்தா, அரைச்சது நீதான்னு ஊரே சொல்லுது. எண்ணெய ஊத்திரு. உசுரு போகுது."

"எனக்கே தெரியலைங்க பண்ணாடி. அரைச்சாப்பல கனாக் கண்டேன். அது கனாவா நெசமான்னு எட்டு நாளா ரோசிச்சுப் பார்க்கறேன், புடிபடலை."

"கனாவோ நெசமோ, ஊத்து ஆத்தா!"

"ஞாயம் கெடைச்சவங்கதானுங்களே ஊத்தோணும். எனக்கு என்ன ஞாயம் கெடைச்சுது?" என்ற அம்மையார், அவரை நேராகப் பார்த்துக் கேட்டார். "என்ற ஊட்டுக்காரர் குடிச்சிருந்தாருன்னு சபையில சொன்னீங்களே. அது நீங்க கண்டதுங்களா, இல்லீன்னா கனாவுங்களா?"

"கண்டேன். என்ற கண்ணால..." என்று தொடங்கினார் ராக்கியண்ணன். எரிச்சல் தொண்டைக்கு ஏறியது. ஆறு வருஷம் சொல்லிச் சொல்லி அந்தப் பொய் அவருக்கே காட்சியாகிவிட்டிருந்தது. தள்ளாடும் மாரப்பன் அவர் கண்ணில் தெரிந்தார், கள் வாடை மூக்கில் அடித்தது. எது நடந்தது, எது தாம் கட்டியது என்று அவருக்கும் பிடிபடவில்லை. "கண்டாப்பலதான்..." என்றார். எரிச்சல் நாக்கைக் கவ்வியது. அப்போதுதான் உடைந்தார்.

"இல்லை! அவன் குடிக்கலை. கயிறு ஆடுச்சு, ஏறிட்டிருக்கான்னு தெரியும். 'பத்த வெக்காதீங்க பண்ணாடி'ன்னு கத்துனான். மழை எறங்கினா மருந்து நனைஞ்சு போயிரும்னு பத்த வெச்சேன். நாந்தான் கொன்னேன்."

அம்மையார் அழவில்லை.

"இன்னொருக்காச் சொல்லுங்க. பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கலை."

சொன்னார்.

"அன்னைக்குச் சபையில பேசாம உக்காந்திருந்தவங்க அக்கட்டால நிக்கறாங்க. அவங்களைப் பார்த்துச் சொல்லுங்க."

மூன்றாம் முறையும் சொன்னார். தலை நிமிர்ந்து கேட்க அங்கே ஒருவருக்கும் தைரியமில்லை.

அம்மையார் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார். பூசாரி தடுத்தார். "பாவாத்தா, கல்லுல ஊறிப்போச்சுன்னா நீ இன்னைக்கே வெளிய போகோணும். நல்லா ரோசிச்சுக்க."

"தெரியுமுங்க சாமி. ஊறுச்சுன்னா நான் அரைச்சேன்னு அர்த்தம். அரைச்சிருந்தாப் போக வேண்டியதுதான்."

"என்னை மன்னிச்சுட்டியா ஆத்தா?" என்று தரையில் கிடந்தபடி கேட்டார் ராக்கியண்ணன்.

"மன்னிக்கலைங்க. உங்களுக்காக ஊத்தலை. எட்டு நாளா ஆத்தா எரியறா. அவளைக் குளுர வெக்கறதுதான் என்ற வேலை."

எண்ணெய் விழுந்தது. அம்மியில் ஒரு துளியும் ஊறவில்லை. திரண்டு உருண்டு விளிம்புக்கு வந்தது. அரைத்தது அவர் கையில்லை! கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அப்படியானால் அரைத்தது யார் என்று பூசாரி கேட்பதற்குள் எண்ணெயே நடந்து காட்டியது. பள்ளத்தில் இருக்கும் வாய்க்காலை நோக்கி ஓட வேண்டிய எண்ணெய் மேட்டை நோக்கித் திரும்பியது. முதல் படி ஏறியது, இரண்டாம் படி ஏறியது, வாசல் நிலையைத் தாண்டியது, கருவறைக்குள் போய் அம்மனின் வலக்கையைத் தொட்டது. அங்கே, அந்தக் கல் விரல்களில், கடைசிச் சொட்டு வரைக்கும் ஊறி மறைந்தது.

அன்று மதியம் அம்மையார் உறங்கியது உறக்கம்தான், கண்டது கனவுதான். ஆனால் அவர் கனவு கண்ட நேரத்தில் ஒருத்தி விழித்திருந்தாள். கழுவிக் கழுவித் தன்னை ஆற்றியவளுக்காக அவளே இறங்கி வந்து அரைத்து, தன் கையாலேயே தன்மேல் பூசிக்கொண்டாள். மூன்று உலகத்தையும் ஆள்கிறவளுக்கு ஓர் அம்மிக்காரியின் வழக்கு அத்தனை பெரிதாக இருந்தது.

ராக்கியண்ணனுக்கு மேலெரிச்சல் நின்றது. நாக்கை மட்டும் அம்மன் விடவில்லை. சாகிற வரை பாலும் பழமும் தயிர்ச்சோறும் அவருக்கு மிளகாயாகவே எரிந்தன. அது போதாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தண்டனையை அளந்தவள் அவள்.

பூசாரி அய்யாவு அம்மையாரின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பின்னாலேயே ஊரும் விழப் பார்த்தது. அம்மையார் பதறி விலகினார்.

"எந்திரிங்க சாமி. படியெல்லாம் எண்ணெய், ஆராச்சும் வழுக்கி விழுந்துருவாங்க. கழுவி உடோணும், தள்ளுங்க."

பழியைக்கூடத் தம் கையில் வைத்துக்கொள்ளாமல் அம்மனிடம் விட்டுவிட்டு வேலையைப் பார்த்த பாவாத்தாள் அம்மையாரின் பேரைச் சொல்கிறவர்களுக்கு, அந்த அம்மன் சன்னதியில் என்றும் நியாயம் கிடைக்கட்டும்.