முப்பத்தெட்டு மாவட்டங்களும் ஒரு பிளேடும்

"என் மெஷின் சரியில்ல, அம்மணி," என்றார் தெய்வசிகாமணி. "மூணு நாள்ல பதினோரு பிளேடு போச்சு."

தமயந்தி நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் முன்னால் ஸ்க்ரோல் சா ஓடிக்கொண்டிருந்தது. தையல் ஊசியைவிடச் சற்றே அகலமான பிளேடு ஒன்று மேலும் கீழுமாகக் குதிக்கும்; பலகையை அதற்கேற்பத் திருப்பிக் கொடுப்பது நம் வேலை. பூவேலை, பெயர்ப்பலகை, புதிர்ப்படம் எல்லாம் அதில் வெட்டலாம்.

"மெஷினை மாத்திடலாமான்னு பார்க்கறேன்," என்றார் மறுபடியும்.

"இது பதினோரு வருசமா ஓடுதுங்க," என்றாள், தன் மெஷினைக் காட்டி.

கோவையில் ஒரு கிரைண்டர் பட்டறைக்குப் பின்னால் இருந்தது அவளுடைய ஷெட். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும், ஞாயிற்றுக்கிழமையில் பொழுது போகாதவர்களும், ஆசையாக ஒரு மெஷினை வாங்கிவிட்டு அவளிடம் கற்றுக்கொள்ள வருவார்கள். பாதிப் பேர் இரண்டாம் நாளே காணாமல் போய்விடுவார்கள். திட்டுவாள் என்பதற்காக அல்ல. ஒன்றுமே சொல்ல மாட்டாள் என்பதற்காக.

தெய்வசிகாமணிக்கு வயது அறுபத்திரண்டு. முப்பத்துமூன்று வருடம் கணக்கு வாத்தியார். சொல்லிக்கொடுத்தே பழகிய மனிதர். தன்னைவிட இருபத்தைந்து வயது சின்னவளிடம் கைகட்டி நிற்பது இதுதான் முதல் தடவை. அது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவும் இல்லை.

"என்ன வெட்டறீங்க?"

"தமிழ்நாட்டு மேப்பு. முப்பத்தெட்டு மாவட்டமும் தனித்தனியாக் கழண்டு வரோணும்."

"பேரனுக்குங்களா?"

"என் சம்சாரத்துக்கு."

தமயந்தி மெஷினை நிறுத்தினாள்.

அவர் மனைவி வசந்தகோகிலம் பூகோள டீச்சர். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் காபி டம்ளர் அவள் கையிலிருந்து நழுவியது; பக்கவாதம். பேச்சு திரும்பிவிட்டது, நடையும் வந்துவிட்டது. வலது கை விரல்கள் மட்டும் மடங்கியே கிடந்தன. முதல் ஆறு மாதத்தில் வருகிற அளவுக்கு அப்புறம் வராது என்று பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா சொல்லியிருந்தாள். இன்னும் இரண்டு மாதம்தான் மிச்சம். பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தைக் கோகிலம் ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டுவிட்டாள், இடது கையால்.

"மேப்புன்னா தொடுவா," என்றார் தெய்வசிகாமணி. "அவளைத் தெரியும் எனக்கு. மேப்புன்னா விடமாட்டா."

தமயந்தி எழுந்து அவருக்கு இடம் விட்டாள்.

"வெட்டுங்க."

அவர் உட்கார்ந்தார். பலகையைப் பிடித்தார். நான்கு அங்குலம் போவதற்குள் டப்பென்று பிளேடு போனது.

"பார்த்தியா?"

அவள் பார்த்தது அவருடைய தோளை. புது பிளேடை மாட்டினாள். பற்கள் கீழ்நோக்கி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். இறுக்கிவிட்டு நகத்தால் ஒரு சுண்டு சுண்டினாள். கணீரென்று ஒலித்தது.

"இப்ப ரெண்டே விரல்ல பிடிங்க. அந்தக் கையில ஒண்ணு, இந்தக் கையில ஒண்ணு."

"ரெண்டு விரல்ல எப்படித் தள்றது?"

"தள்ளாதீங்க."

"தள்ளாம எப்படி வெட்டும்?"

அவள் போய் ஒரு பொட்டலத்தைப் பிரித்து நிலக்கடலை தின்ன ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டு விரலால் பிடித்தார். தள்ள முடியவில்லை. பலகை நின்ற இடத்திலேயே நின்றது. எரிச்சலாக வந்தது. பிறகு மெல்ல, பிளேடு எவ்வளவு கேட்டதோ அவ்வளவு மட்டும் பலகை நகர்ந்தது. மதியம் வரைக்கும் அந்த பிளேடு உடையவில்லை.

கிளம்பும்போது அவள் அவர் கையில் ஒரு பழைய பெயின்ட் பிரஷையும் மெழுகுவத்தித் துண்டையும் கொடுத்தாள். பிரஷால் தூசியைத் தட்டச் சொன்னாள். மெழுகை மேசைத் தகட்டில் தேய்க்கச் சொன்னாள், பலகை வழுக்கிக்கொண்டு போவதற்காக. கடைசியில் பிளேடை இறுக்கும் நெம்புகோலைத் தளர்த்திவிட்டாள்.

"நாளைக்கு மறுபடி இறுக்கோணுமே?"

"இறுக்கலாமுங்க."

"அதுக்கு இப்படியே விட்டுட்டா என்ன?"

அவள் விளக்கை அணைத்தாள்.

தெய்வசிகாமணி வீட்டில் உட்கார்ந்து வெட்டினார். காலையில் வெட்டினார், கோகிலம் மதியம் தூங்கும்போது வெட்டினார். பின்வாசல் முழுக்க மரத்தூள். வேலைக்கார அம்மா முணுமுணுத்துக்கொண்டே பெருக்கினாள். பத்தாம் நாள் முப்பத்தெட்டு மாவட்டமும் முடிந்தன. பலகையைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினார்.

"எல்லாம் கீழ்ப்பக்கமாக் கழண்டு விழுகுது. மேல எடுத்தா வரமாட்டேங்குது. ஏன்?"

தமயந்தி ஒரு சின்ன மூலைமட்டத்தை எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போய் அதை மெஷின் மேசைக்கும் பிளேடுக்கும் நடுவில் நிறுத்திப் பார்த்தார். ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. மேசை சாய்ந்திருந்தது, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. முப்பத்துமூன்று வருடம் செங்கோணம் சொல்லிக்கொடுத்த மனிதர்! தலையில் அடித்துக்கொண்டார்.

பத்து நாள் உழைப்பு அடுப்புக்குப் போனது. புதுப் பலகை வாங்கினார். இந்தத் தடவை விடுவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டார். கடையில் இருந்ததிலேயே மிக மெல்லிய பிளேடைத் தேடி வாங்கினார். தினமும் மூலைமட்டம் வைத்தார், மெழுகு தேய்த்தார், பிளேடைச் சுண்டிக் கேட்டார். இரண்டு விரலால் பிடித்தார். பன்னிரண்டு நாள்.

முடிந்தபோது அவருக்கே நம்ப முடியவில்லை. எந்த மாவட்டத்துக்கும் எந்த மாவட்டத்துக்கும் நடுவில் ஒரு நூல் நுழையாது. புளியங்கொட்டை அளவு சென்னைகூட இம்மி பிசகாமல் உட்கார்ந்திருந்தது.

கோகிலத்தின் முன்னால் வைத்தார். அவள் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் வேலைக்குச் சேர்ந்தப்ப இத்தனை ஜில்லா இல்லீங்க," என்றாள்.

"எடு. பெரம்பலூர எடு."

அவள் வலது கையை நீட்டினாள். நகம் பலகை மேல் வழுக்கியது. மறுபடி வைத்தாள். வழுக்கியது.

"எடு கோகிலா. முயற்சி பண்ணு."

வழுக்கியது.

"இன்னும் கொஞ்சம். உன்னால முடியும். எடு."

"சும்மா இருங்க!" என்று கத்தினாள். பலகையை ஒரு தள்ளு தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தெரிந்தும் தொடுவதற்கு அவருக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த நாள் ஷெட் சாவியோடு தமயந்தி வரும்போதே அவர் ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"தப்பு எங்கேன்னு நீயே பாரு," என்று பலகையை நீட்டினார். "மேசை நேரா இருக்குது. பிளேடு நேரா இருக்குது. ஒரு இடத்துலயும் நான் தள்ளல. ஆனா அவளால ஒண்ணுகூட எடுக்க முடியல. நானும் பக்கத்துலயே நின்னு சொல்லிட்டே இருக்கேன், எடு, முயற்சி பண்ணு, இன்னும் கொஞ்சம்னு. கடைசியில என் மேல எரிஞ்சு விழறா. நாள் ஓடிட்டே இருக்குது, அம்மணி. இன்னும் அஞ்சு வாரம்தான். அந்தக் கை அப்படியே நின்னுருமோன்னு பயமா இருக்குது எனக்கு."

தமயந்தி பலகையை வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பினாள். விரலை ஓட்டினாள். ஒரு நூலெடுத்து நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.

"நான் வெட்டியிருந்தாலும் இவ்வளவு வராதுங்க," என்றாள்.

அவர் ஒரு நொடி பூரித்துப்போனார். அப்புறம் அது போதாது என்பதும் ஞாபகம் வந்தது.

"அப்புறம் ஏன்?"

அவள் மூலையில் கிடந்த பழைய சைக்கிள் டியூபை எடுத்தாள். நீளமாக ஒரு பட்டை கத்தரித்தாள்.

"கையைக் கொடுங்க."

அவருடைய வலது கை விரல்களை மடக்கி, நுனி மட்டும் வெளியே தெரியும்படி இறுக்கிச் சுற்றிக் கட்டினாள். பலகையை அவர் முன்னால் வைத்தாள்.

"பெரம்பலூர எடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே கையை வைத்தார். நகம் வழுக்கியது. இன்னொரு பக்கத்திலிருந்து வைத்தார். வழுக்கியது. ஓரத்தை நெம்பப் பார்த்தார். நெம்புவதற்கு ஓரம் என்று ஒன்று இருந்தால்தானே. சிரிப்பு நின்றது. நெற்றியில் வியர்வை வந்தது. இடது கை தன்னால் உதவிக்கு வந்தது. தமயந்தி அதை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"எடுங்க சார்," என்றாள். "முயற்சி பண்ணுங்க."

வழுக்கியது.

"இன்னும் கொஞ்சம்."

வழுக்கியது.

"உங்களால முடியுமுங்க. எடுங்க."

"சும்மா இரு!" என்று கத்தினார் தெய்வசிகாமணி.

பக்கத்துப் பட்டறையில் கிரைண்டர் ஒன்று ஓடி நின்றது.

அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தமயந்தி கட்டை அவிழ்க்கவில்லை. அவரும் அவிழ்க்கச் சொல்லவில்லை.

"உங்கிட்ட இருக்கறதிலயே தடிச்ச பிளேடு எது?" என்று கேட்டார் கடைசியில்.

அவள் டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

மூன்றாவது பலகை. தடித்த பிளேடு சின்னச் சின்ன வளைவுக்குள் திரும்பாது. அதனால் எல்லைக்கோடுகளை அவரே கொஞ்சம் நேராக்கிவிட்டார். பூகோள டீச்சர் கண்டுபிடிக்காமல் விடமாட்டாள் என்று தெரியும். பரவாயில்லை. பிளேடு போன வழியெல்லாம் மரத்தூளாகக் கொட்டியது. மாவட்டத்துக்கு மாவட்டம் சந்து விட்டது. அவருடைய கணக்கு மூளைக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினார். ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் உப்புத்தாளால் உருட்டிவிட்டார். வலது கையில் டியூபைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு மாவட்டத்தையும் தானே எடுத்துப் பார்த்தார். வராததை மறுபடி தேய்த்தார். சென்னையை மட்டும் எடுக்கவே முடியவில்லை. அதைச் செங்கல்பட்டோடு சேர்த்து ஒட்டிவிட்டார். ஒரு வாரம் ஆயிற்று.

கடைசி நாள் மெஷினைத் துடைத்தார். மெழுகு தேய்த்தார். நெம்புகோலைத் தளர்த்தினார். தளர்த்திவிட்டு, கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

பலகையைக் கோகிலத்தின் பக்கத்து முக்காலியில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார்.

முதல் நாள் அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் பார்த்தாள்.

மூன்றாம் நாள் காலை பேப்பருக்கு அந்தப் பக்கம் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. அவர் பேப்பரை இறக்கவில்லை. ஓரமாகப் பார்த்தார். மடங்கிய விரல் ஒன்று பெரம்பலூரின் ஓரத்துச் சந்துக்குள் இறங்கியிருந்தது. துண்டு எழும்பியது. சரிந்து விழுந்தது.

எடு என்ற சொல் அவர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினார்.

மறுபடி இறங்கியது விரல். எழும்பியது. விழுந்தது. அவருக்குக் கை பரபரத்தது. பேப்பரின் இரண்டு ஓரத்தையும் இரண்டே விரலால் பிடித்துக்கொண்டார்.

ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ பெரம்பலூர் அவள் கையில் இருந்தது.

கோகிலம் அதைத் தன் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு பலகைக்குக் கொண்டுபோய் அதன் இடத்தில் விட்டாள். விரலால் அசைத்துப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. நான்கைந்து மாதமாக அந்த வீட்டில் கேட்காத குரல், பரீட்சைப் பேப்பர் திருத்துகிற குரல், கேட்டது.

"ஏனுங்க, கணக்கு வாத்தியார் வெட்டுனதா இது? சென்னையக் காணோம். எல்லையெல்லாம் தப்பு. பெரம்பலூர் லொடலொடன்னு ஆடுது."

பேப்பரை இறக்கினார் தெய்வசிகாமணி. கண்ணில் தளும்பியதை அவர் துடைக்கவில்லை.

"ஆடட்டும்," என்றார்.