ஆமென் சொல்லாதவர்கள்

அந்த ஆமென் இன்னும் எனக்குக் கேட்கிறது.

ஓட்டுக்கூரை போட்ட ஆசிரியர் அறை. முதல் மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்பு. தலைமையாசிரியை ரூபவதி டீச்சர் ஜெபத்தை முடித்ததும், நின்றுகொண்டிருக்கும் அத்தனை பேரும் ஒரே மூச்சில் சொல்வோம். பெரிய பெட்டியின் மூடி விழுந்தது போலிருக்கும்.

வெளியூரிலிருந்து வந்த போதகர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, இப்படி ஒருமனப்பட்ட பள்ளிக்கூடத்தைத் தான் பார்த்ததில்லை என்று சொல்லிப் போனார்.

நான் அங்கே தமிழாசிரியை.

ரூபவதி டீச்சர் கெட்டவரல்ல. யாரையும் முகத்துக்கு நேரே கடிந்து பேச அவருக்கு வராது. தலைமையாசிரியர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில், கண்டிக்கும் முன் ஜெபியுங்கள் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். டீச்சர் இரண்டையும் ஒன்றாகவே செய்துவிட்டார்.

"ஆண்டவரே, திருத்தாத விடைத்தாளை வீட்டிலே வைத்திருக்கிற உம்முடைய பிள்ளைகளுக்குச் சுறுசுறுப்பைத் தாரும்."

பெயர் சொல்லமாட்டார். சொல்லத் தேவையும் இல்லை. கண்ணை மூடியிருந்தாலும் அது யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

காலையில் படி ஏறும்போதே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம், இன்றைக்கு யாருக்கு என்று. தையல் டீச்சர் ஒருநாள் சொன்னார்:

"ஆண்டவருக்கு நம்மளப் பத்தி ஒண்ணுமே தெரியாதுன்னு நெனச்சிட்டாங்க போல. பாவம், தினமும் எடுத்துச் சொல்லுதாங்க."

சிரித்தோம். பிறகு உள்ளே போய் ஆமென் சொன்னோம்.

கணக்கு வாத்தியார் தேவபிச்சை தாமதமாக வரத் தொடங்கியது ஓர் ஆடி மாதத்தில்.

ஜெபம் பாதியில் இருக்கும்போது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும். ஏன் சார் என்று கேட்டால், பஸ் வரவில்லை என்பார். அவர் வருவது சைக்கிளில்.

ஒரு வாரம் முழுவதும் ரூபவதி டீச்சர் அவருக்காக ஜெபித்தார். ஒருநாள் சோம்பலைப் பற்றி. ஒருநாள் வாத்தியாருக்குக் காத்திருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி. ஒருநாள் பைபிளில் சோம்பேறிக்குப் புத்தி சொல்லும் எறும்புகூட வந்து போயிற்று.

வாசலில் நின்றபடியே தேவபிச்சை சாரும் ஆமென் சொன்னார். எங்கள் எல்லோரையும்விடத் தெளிவாக.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேறு பள்ளிக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

தாளாளர் அதில் உடனே கையெழுத்துப் போடவில்லை. ரூபவதி டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல வாத்தியார்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், இவரும் போனால் கணக்குக்கு ஆளே இல்லை, மாதக் கடைசிவரைக்கும் பொறுக்கிறேன், அதற்குள் அவர் மனம் மாற வழி பாருங்கள் என்றார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, எப்சிபாவைப் போய் ஒரு தடவை பாருங்களேன் என்றார்.

எப்சிபா மலையடிவாரத்தில் இன்னொரு பள்ளிக்குத் தலைமையாசிரியை. அங்கே சேர்ந்தவர் யாரும் மாற்றல் கேட்டுப் போனதில்லை. ரூபவதி டீச்சரைவிட வயதில் மிகவும் இளையவர். முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்ததே டீச்சரின் கீழ்தான். கரும்பலகையில் வரி சாயாமல் எழுத அவரைப் பழக்கியவர் டீச்சர்.

அந்த எப்சிபாவிடம் போய்க் கேட்பதா?

இரண்டு நாள் டீச்சர் தள்ளிப்போட்டார். பிறகு துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எப்சிபாவின் பள்ளிக்கூடம் விட்டிருந்தது. வீட்டுக்கு அழைத்துப் போய், அவலில் தேங்காய் துருவிப் போட்டுக் கொடுத்தார்.

டீச்சர் தட்டைத் தொடவில்லை.

"எப்சிபா, ஒங்கிட்ட மட்டும் எப்படி எல்லாரும் நிக்காங்க?"

"தெரியலக்கா."

"எத்தனையோ முகாமுக்குப் போயிட்டேன். தலைமைப் பண்பு பத்தி நானே மேடையில பேசுதேன். ஒருத்தரையும் ஒரு வார்த்தை வஞ்சது கிடையாது. ஜெபம் மட்டுந்தான் பண்ணுதேன். அதுக்கு ஒரு மனுசன் போறேன்னு எழுதிக் குடுப்பாரா?"

என்ன ஜெபம் என்று எப்சிபா கேட்டார்.

டீச்சர் சொன்னார். விடைத்தாள், சோம்பல், பிள்ளைகள், எறும்பு. ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். ஒளிக்க வேண்டியது எதுவும் அதில் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

"அதுக்கு அவங்க என்ன சொல்லுவாங்க?"

"ஆமென்னு சொல்லுவாங்க. வேறென்ன சொல்லுவாங்க?"

"எல்லாருமா?"

"எல்லாருந்தான்."

டீச்சரின் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

எப்சிபா தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். பள்ளிக்கூடத்துக் காலை ஜெபத்துக்கு இருந்துவிட்டுப் போகச் சொன்னார்.

மறுநாள் காலை அந்த ஆசிரியர் அறையில் எங்களுக்கு நாற்காலி போட்டார்கள்.

எங்கள் பள்ளிபோல் இல்லை. ஒருத்தி இட்லிப் பொட்டலத்தை அவசரமாக மடக்கிக்கொண்டிருந்தாள். ஒருவர் ஜன்னலோரம் சாய்ந்து நின்றார். அறிவியல் வாத்தியார் ஜெபித்தார்; அவர் மாமனாருக்குக் கண் அறுவை சிகிச்சையாம். முடித்ததும் ஆமென் என்று ஒருவர் முந்தினார், ஒருவர் பிந்தினார், ஒரு மூலையிலிருந்து "ஆமா, ஆண்டவரே" என்று வந்தது.

ரூபவதி டீச்சர் உதட்டைச் சுழித்துக்கொண்டார். ஆமென்னையே ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவர்களிடம் தான் என்ன கற்றுக்கொள்வது என்று நினைத்திருப்பார்.

அப்போது எப்சிபா எழுந்து நின்றார்.

"ஆண்டவரே, எங்க நடுவிலே வந்திருக்கிற ரூபவதி அக்காவுக்காக ஜெபிக்கிறேன். ஒரு நல்ல ஆளைக்கூடத் தன் பள்ளிக்கூடத்திலே நிறுத்தி வைக்கத் தெரியாத உம்முடைய பிள்ளைக்கு, மனுஷருடைய முகத்தைப் பார்த்துப் பேசுகிற தைரியத்தைத் தாரும்."

முடித்துவிட்டார்.

நான் ஆமெனுக்காகக் காத்திருந்தேன். என் வாய்கூடத் தன் பழக்கத்தில் பாதி திறந்துவிட்டது.

வரவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தேன். டீச்சர் கண்ணை மூடியபடியே இருந்தார். முந்தானையின் ஓரத்தைக் கைக்குள் சுருட்டிப் பிடித்திருந்தார். காதுமடல் சிவந்திருந்தது. மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டுச் சுற்றியது.

ஜன்னலோரம் நின்றவர் விளையாட்டு வாத்தியார். ஆள் பனைமரம் மாதிரி; எப்சிபாவிடம் பேசும்போது குரல் மெலிந்து வந்தது.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஜெபத்துக்கு என்னால ஆமென் சொல்ல முடியாது."

இட்லிப் பொட்டலக்காரி, வீட்டுக்கு வந்த விருந்தாளியை இப்படியா என்று தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

பின்வரிசையில் யாரோ சொன்னார்கள்:

"இது ஜெபமே கிடையாது."

எப்சிபா தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு விளையாட்டு வாத்தியாரிடம், அப்படியானால் நீங்களே ஜெபியுங்கள் என்றார்.

அவர் ஜெபித்தார். விருந்தாளியாக வந்திருக்கிற அம்மாவுக்குப் படி ஏறும்போது வலது முழங்கால் வலிக்கிறது என்று ஆண்டவரிடம் சொன்னார். திரும்பிப் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவேண்டும் என்று கேட்டார். அவ்வளவுதான்.

ஆமென் என்றார்கள், முன்னும் பின்னுமாக.

ரூபவதி டீச்சர் சொல்லவில்லை.

தலைமையாசிரியை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் டீச்சருக்குப் பேச்சு வந்தது. எழுதப் பழக்கிய கைக்கு இதுதான் மரியாதையா, இத்தனை பேர் நடுவில் என் வாயையும் கட்டிப்போட்டுவிட்டு அடிக்கலாமா, ஜெபத்துக்கு எதிர்ப்பேச்சு யார் பேச முடியும் என்றார். பேசிக்கொண்டே வந்தவர் அந்த வார்த்தையில் நின்றுவிட்டார்.

வெளியே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது.

நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். பிறகு வேறு குரலில் கேட்டார்.

"நீ அவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருந்தியா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத."

எப்சிபா தன் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தார்.

"எல்லாரும் ஆமென் சொல்லிருவாங்களோன்னு பயந்துட்டே இருந்தேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே வந்தோம். டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தேரிச் செம்மணலும் பனைகளும் பின்னால் போவதைப் பார்த்தபடி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆலயத்தை விட்டு வெளியே வந்ததும், தேவபிச்சை சார் வீடு எது என்று டீச்சர் என்னைக் கேட்டார். இத்தனை வருஷத்தில் அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. சேர்ந்தே போனோம்.

கதவைத் தட்டியதும் தேவபிச்சை சார் வெளியே வந்து, கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துச் சாத்திக்கொண்டார். வாங்க என்று சொன்னார். வழிவிடவில்லை.

உள்ளே ஒரு பெண் குரல் கேட்டது.

"சோறு வெந்துட்டா? சோறு வெந்துட்டா? சோறு வெந்துட்டா?"

அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் போகப்போவதில்லை என்று தெரிந்ததும் ஒதுங்கி நின்றார்.

அவர் மனைவி ராஜபாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரிப் பின்னி, நுனியில் ரிப்பன் கட்டியிருந்தது. பின்னல் கொஞ்சம் கோணல். ஆண் பின்னிய பின்னல். மனம் பேதலித்துவிட்டது, ஆடியில் தொடங்கிற்று, தனியாக விட்டால் தெருவில் இறங்கிக் கிணற்றுப் பக்கம் போய்விடுகிறாள் என்று தேவபிச்சை சார் சொன்னார். காலையில் கொழுந்தியாள் தன் வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்கிறாள். அவள் வந்த பிறகுதான் இவர் சைக்கிளை எடுக்க முடியும். புதிய ஊரில் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே வீடு பார்த்தால் ஓடி ஓடி வந்து பார்க்கலாம் என்று நினைத்தாராம். அங்கே தம்மை யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார்.

ரூபவதி டீச்சர் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

தேவபிச்சை சார் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"சொன்னா ஜெபத்துல வந்துருமே, டீச்சர்."

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், கிளம்பும் முன் ஜெபிக்காமல் வருவதில்லை. சார் பாயை எடுத்துக்கொண்டு வந்து விரித்தார். டீச்சர் ஜெபிப்பார் என்று எதிர்பார்த்துத் தானே முதலில் முழங்காலிட்டார். கண்ணையும் மூடிக்கொண்டார்.

டீச்சர் முந்தானையைத் தலையில் போட்டார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

பிறகு, வலிக்கிற காலை மெல்ல மடக்கி, ராஜபாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"சோறு வெந்துட்டா?" என்றாள் ராஜபாய்.

"வெந்துட்டும்மா."

அவள் மறுபடியும் கேட்டாள். டீச்சர் மறுபடியும் சொன்னார். அவள் கேட்டபோதெல்லாம், முதல் தடவை கேட்பதுபோல அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

திங்கட்கிழமை வகுப்பு நேர அட்டவணை மாறியிருந்தது. தேவபிச்சை சாருக்கு முதல் பாடவேளை இல்லை. ஏன் என்று சிலர் என்னைக் கேட்டார்கள். டீச்சர் யாருக்கும் சொல்லவில்லை, ஆண்டவருக்கும்கூட எங்கள் காதில் விழும்படி சொல்லவில்லை.

ராஜபாய்க்குக் கடைசிவரை சுகம் வரவில்லை. தேவபிச்சை சார் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே இருந்து ஓய்வு பெற்றார்.