ஓடாத மோட்டார்

பல்கலைக்கழகத்து மின்னியல் துறையில் குமுதவல்லி நல்ல ஆசிரியை என்று பேர் எடுத்தவர். அவர் பயிற்சிக்கு அனுப்பிய ஆறு மாணவர்களை ஒரு நூற்பாலை ஒரே வாரத்தில் திருப்பி அனுப்பிவிட்டது.

"மோட்டார் நின்னா ஆறு பேரும் என்னைத்தான் கூப்பிடுறாங்க" என்றார் மேலாளர். "இன்னொரு தடவை அனுப்புங்க. அப்பவும் இப்படின்னா, இனிமே உங்க பிள்ளைங்க வேண்டாம்."

குமுதவல்லி பாடத்திட்டத்தை மாற்றி எழுதினார். செய்முறை வகுப்புகளை இரட்டிப்பாக்கினார். தமக்குப் பாடம் சொல்லித்தந்த பேராசிரியர் தேவசகாயத்திடம் அதைக் கொண்டுபோனார்.

"இவ்வளவு நேரம் போதுமா சார்?"

அவர் தாளைப் புரட்டவில்லை.

"லேப்ல கனெக்‌ஷன் எல்லாம் யாரும்மா குடுக்கிறது?"

"அட்டெண்டர் காலையிலேயே குடுத்து வச்சிருவார் சார். பிள்ளைங்க வந்து பட்டனை அழுத்தி ரீடிங் எடுக்க வேண்டியதுதான். ஒரு நிமிஷம் வீணாகாது."

"சரி, வா."

ஆய்வகத்தில் அவர் மெயினை அணைத்தார். ஒரு மோட்டாரின் மூடியைத் திறந்து ஒரு கம்பியைக் கழற்றினார். மூடினார். மெயினைப் போட்டுவிட்டு அதன் அருகிலேயே நின்றுகொண்டார்.

அந்த ஆறு பேரும் வந்தார்கள். பொத்தானை அழுத்தியதும் மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. உடனே நிறுத்தினார்கள்.

"மேடம், இது ஓடலை."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த குமுதவல்லி எழுந்தார். பேராசிரியர் கண்ணாலேயே அவரை உட்காரவைத்தார்.

"பக்கத்து மோட்டார்ல எடுத்துக்கலாம்" என்றான் ஒருவன்.

"மில்லுலயும் இதைத்தான் சொன்னே" என்றாள் ரஹீமா. "பஸ் ஏத்தி விட்டுட்டாங்க."

சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"மூணு கம்பியிலயும் கரண்ட் வருதா?"

"திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

"மொதல்ல மெயினை அணைடா."

பேராசிரியர் விலகி வழிவிட்டார்.

கம்பியைக் கண்டுபிடித்து மாட்டி மோட்டாரை ஓட்டுவதற்குள் வகுப்பு நேரம் முடிந்துபோயிற்று. ஒருவரும் ரீடிங் எடுக்கவில்லை. வாசலைத் தாண்டியும் அதையே பேசிக்கொண்டு போனார்கள். ஒரு சொல் பேசாமல் மனிதர் பாடம் நடத்திவிட்டாரே என்று குமுதவல்லிக்கு வியப்பாக இருந்தது. பாடத்திட்டத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"அடுத்த வாரம் எதைக் கழட்டப் போறீங்க சார்? எழுதிக்கிறேன்."

"உங்கிட்ட சொல்ல மாட்டேன்மா."

"நான்தானே சார் வகுப்பு எடுக்கிறேன்?"

"உனக்குத் தெரிஞ்சா, பிள்ளைங்க மோட்டாரைத் திறக்க மாட்டாங்க. உன் மூஞ்சியைத்தான் படிப்பாங்க."