வாசக்கதவுக்கு எண்ணெய்க் குளியல்

மொட்டைப்பாறைப்பட்டியில் நாலு சேக்காளிகள் இருந்தார்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு ஆள் புத்தி இருந்திருந்தால்கூட இந்தக் கதை நடந்திருக்காது. நல்லவேளை, இல்லை.

நால்வருக்கும் தலைவன் திருமேனி. அவனைத் தலைவனாக்கியது ஒரு விசேஷ அறிவு: தான் ஒரு முட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். சன்னாசி, மூக்கையா, உக்கிரபாண்டி ஆகிய மற்ற மூவருக்கும் அது தெரியாது. "நான் ஒரு மடையன்டா" என்று அவன் நெற்றியில் அடித்துக்கொள்ளும்போதெல்லாம், எவ்வளவு விவரமாகக் கண்டுபிடித்திருக்கிறான் என்று மூவரும் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். ஒரே குறை, எதற்காகத் தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் அவனுக்கு ஒரு தடவைகூடச் சரியாகப் பிடிபட்டதில்லை.

வயது முப்பதைத் தாண்டியும் அவனுக்குப் பெண் அமையவில்லை. போன வருஷம் ஒரு இடம் கூடிவந்தது. பெண்ணின் அப்பா மிக்சர் தட்டை நகர்த்திவிட்டு, "தம்பி என்ன செய்யறீங்க?" என்று கேட்டார். "உங்ககூடப் பேசிக்கிட்டு இருக்கேன்" என்றான் திருமேனி. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"தப்பு என்மேலதான்டா" என்று அன்றைக்கு முழுக்கப் புலம்பினான். "மிக்சரும் தின்னுக்கிட்டுத்தானே இருந்தேன்? அதைச் சொல்லாம மறைச்சுட்டேன். மனுசன் கண்டுபிடிச்சுட்டாரு."

இப்போது ஆலங்கரையிலிருந்து வையாபுரி என்பவர், தன் மகள் தவமணிக்காக மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். தவமணியின் போட்டோ கைக்கு வந்ததிலிருந்து திருமேனிக்குச் சோறு இறங்கவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தான். சட்டையைத் துவைக்கப் போட்டால் போட்டோவும் நனைந்துவிடும் என்று அதே சட்டையோடு வாரக்கணக்கில் இருந்தான். போட்டோவைத் தனியே எடுத்து வைக்கலாம் என்று சொல்ல அவன் கூட்டத்தில் ஆள் இல்லை.

அவனை வளர்த்து ஆளாக்கியது அக்கா வீராயி. அந்தச் சனிக்கிழமை காலையில் பூவும் பலகாரமும் வாங்க டவுனுக்குப் போகக் கிளம்பினாள். பஸ் ஹாரன் கேட்டதும் அவசர அவசரமாகச் சொன்னாள்:

"டேய், அவங்க மதியத்துக்குள்ள வந்துருவாங்க. வீட்டைப் பார்த்துத்தான் பொண்ணு குடுப்பாங்க. சன்னல் கண்ணாடியை முகம் தெரியற மாதிரித் துடைங்க. கதவுக் கீலெல்லாம் துருப் பிடிச்சிருக்கு, உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க. அப்புறம் அந்த வாசக்கதவு, தொட்டா கிறீச்னு கத்துது, அதுக்கு எண்ணெய் வைங்க. புரிஞ்சுதா?"

"இதுல புரியறதுக்கு என்னக்கா இருக்கு?" என்றான் திருமேனி. அக்கா படியிறங்கும்போது ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். ஆனால் பஸ் நிற்காது. ஓடிவிட்டாள்.

முதலில் சன்னல். வாசல் பக்கம் இரண்டு சன்னல், இரண்டிலும் கண்ணாடிக் கதவு. நால்வரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துடைத்தார்கள். அழுக்கெல்லாம் போய்க் கண்ணாடி பளபளவென்று ஆனது. திருமேனி முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தான். கண்ணாடியில் எதிர்வீட்டு எருமை தெரிந்தது.

அவன் முகம் வாடிவிட்டது. "டேய், அக்கா முகம் தெரியணும்னுதானே சொல்லுச்சு?"

சன்னாசி எட்டிப் பார்த்தான். "தெரியுதே. எருமைக்கும் முகம் இருக்குல்ல?"

"யாரு முகம்னு அக்கா சொல்லலையே" என்றான் மூக்கையா.

"மாப்பிள்ளை வீட்டுல மாப்பிள்ளை முகம் தெரியணுமா, எருமை முகம் தெரியணுமா?" என்று கேட்டான் உக்கிரபாண்டி. பெயரில்தான் உக்கிரம், ஆட்டுக்குட்டி முட்டினாலும் மன்னிப்புக் கேட்கிற ஆள் அவன்.

இன்னும் அழுத்தித் துடைத்தார்கள். எருமை முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அதன் காதில் உட்கார்ந்திருந்த ஈகூடத் தெரிந்தது. கடைசியில் சன்னாசிதான் வழி சொன்னான். அவன் வீட்டு முகம் பார்க்கிற கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ பூச்சு இருக்கிறதாம். அது உரிந்த இடத்தில் முகம் தெரிவதில்லையாம். ஆக, முகம் தெரியப் பூச்சுதான் வேண்டும்.

கரிச்சட்டியின் அடியைச் சுரண்டி, எண்ணெயில் குழைத்து, இரண்டு சன்னலுக்கும் வெளிப்பக்கம் மொத்தமாகப் பூசினார்கள். உள்ளே வந்து பார்த்தால், மங்கலாக, ஆனால் நிச்சயமாக, திருமேனியின் முகம்! நால்வரும் முறை வைத்துத் தலை வாரிக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் ஒரே இருட்டு. பட்டப்பகலில் விளக்கை ஏற்றி வைத்துவிட்டுத் திருமேனி நெற்றியில் அடித்துக்கொண்டான். "நான் ஒரு மடையன்டா! முதல்லயே கரியைப் பூசியிருந்தா இவ்வளவு நேரம் துடைச்சிருக்க வேண்டியதே இல்லை."

அடுத்தது கீல். உப்புத்தாள் என்றால் என்ன என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பழைய பேப்பரை விரித்துக் கல்லுப்பை அள்ளிப் போட்டார்கள். உப்பு பேப்பரில் ஒட்டாமல் உருண்டது. கொஞ்சம் தண்ணீர் தெளித்ததும் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு கீலாகத் தேய்த்தார்கள். மூக்கையா ஒரு கீலை நக்கிப் பார்த்துவிட்டு, "உப்பு சரியா இருக்கு" என்றான்.

கடைசியாக வாசக்கதவுக்கு எண்ணெய். இங்கேதான் விவகாரம் பெரிதானது.

"எந்த எண்ணெய்?" என்று ஆரம்பித்தான் உக்கிரபாண்டி.

"இன்னைக்குச் சனிக்கிழமை. நல்லெண்ணெய்தான்" என்றான் சன்னாசி.

"சனிக்கிழமை ஆம்பளைக்கு. பொம்பளைக்கு வெள்ளிக்கிழமை. கதவு ஆம்பளையா, பொம்பளையா?" என்று மறித்தான் உக்கிரபாண்டி.

ஒரு தப்பு நடந்தால் தவமணி கிடைக்கமாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும். மூக்கையா குனிந்து நிமிர்ந்து கதவை நன்றாகப் பார்த்தான். "மஞ்சள் பூசிக் குங்குமம் வச்சிருக்கே, பொம்பளைதான்."

"நல்லாப் பாரு" என்றான் திருமேனி. "மஞ்சளும் குங்குமமும் நிலையிலதான் இருக்கு. கதவுல இல்லை. நிலை பொம்பளை, கதவு ஆம்பளை."

"அப்ப ரெண்டும் புருசன் பொண்டாட்டி!" என்றான் மூக்கையா.

"அதான் தொட்டா கிறீச்னு சண்டை போடுதுங்க" என்றான் சன்னாசி, ரொம்ப நாள் சந்தேகம் தீர்ந்தவனாக.

நல்லெண்ணெயைக் காய்ச்சி, ரெண்டு மிளகும் சீரகமும் போட்டு, கதவின் உச்சியிலிருந்து அடிவரை சூடு பறக்கத் தேய்த்தார்கள். நிலைமேல் ஒரு சொட்டுப் படாமல் பார்த்துக்கொண்டார்கள். எண்ணெய் ஊறியபிறகு குளிக்காவிட்டால் உடம்புக்கு ஆகாது. அண்டாவில் வெந்நீர் போட்டுச் சீயக்காய் கரைத்துக் குடம் குடமாக ஊற்றினார்கள். சீயக்காய் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று உக்கிரபாண்டி சாவித்துவாரத்தைக் கையால் பொத்திக்கொண்டே நின்றான். சாம்பிராணி போட்டார்கள். குளித்த உடம்பில் காற்றுப் பட்டால் சளி பிடிக்கும் என்று உள்ளே வந்து, கதவை இழுத்து நிலையோடு சேர்த்து மூடிவிட்டு, நால்வரும் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்தார்கள்.

அது மாமரக் கதவு. ஏற்கெனவே நிலைக்கு இறுக்கமான கதவு. அத்தனை குடம் வெந்நீரையும் குடித்துவிட்டு, விருந்து சாப்பிட்டவன்போல நிதானமாக ஊத ஆரம்பித்தது.

உச்சிவேளையில் வாசலில் ஆள் சத்தம். வந்தது வையாபுரியும், அவருடைய அக்கா பேச்சியம்மாளும். வையாபுரி நல்ல வாட்டசாட்டமான ஆள். கதவைத் தட்டினார்.

"வந்துட்டாங்க! திறங்கடா!" என்று பாய்ந்தான் திருமேனி. கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. அந்தப் பதற்றத்தில் அது யாருக்கு ஞாபகம்? நால்வரும் தோளைக் கொடுத்து வெளிப்பக்கமாகத் தள்ளினார்கள். அதே சமயம் வையாபுரி வெளியே நின்று உள்பக்கமாகத் தள்ளினார். கதவு அசையவில்லை.

"வெளியே யாரோ திறக்கவிடாம அமுக்கறாங்கடா" என்று மூச்சு வாங்கினான் மூக்கையா.

"உள்ளே எவனோ பெரிய பலசாலி இருக்கான்க்கா" என்று வெளியே வியர்வையைத் துடைத்தார் வையாபுரி.

திருமேனிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. இவ்வளவு தூரம் வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டோமே. ஓடிப்போய்ச் சன்னலைத் திறந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் பேச்சியம்மாள் கரி பூசிய கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே விரலால் கன்னத்தைச் சொறிந்திருந்ததால் கன்னத்தில் ஒரு கரிக்கோடு.

"வாங்கம்மா, வாங்க மாமா" என்று கும்பிட்டான். "கதவு குளிச்சிருக்கு. கொஞ்சம் பொறுங்க."

வையாபுரி அக்காவைப் பார்த்தார். அக்கா தம்பியைப் பார்த்தாள். நின்றுகொண்டு சும்மா இருப்பதா என்று வையாபுரியே பேச்சை எடுத்தார். "சரி மாப்பிள்ளை, சுத்தி வளைக்காமக் கேக்கறேன். பிடிச்சிருக்கா?"

திருமேனி வெட்கத்தில் சன்னல் கம்பியைச் சுரண்டினான். அவனுக்கு உதவி செய்ய உக்கிரபாண்டி முன்னால் வந்தான். "பிடிச்சிருந்துச்சுங்க, நிறையவே பிடிச்சிருந்துச்சு. காலையிலதான் உப்புப் போட்டுத் தேய்ச்சு எடுத்தோம்."

வையாபுரியின் மீசை துடித்தது. "என்னது?"

"ஐயோ, அது கீல்ல பிடிச்ச துரு!" என்று அலறினான் திருமேனி. பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளதை உள்ளபடி கொட்டிவிட்டான். எருமை முகம், கரிப்பூச்சு, உப்பு, கதவு ஆம்பளை, நிலை பொம்பளை, மிளகு, சீரகம் எல்லாம். "மாமா, நான் முட்டாள். ஊருக்கே தெரியும். ஆனா பொண்ணைப் பிடிச்சிருக்கு. போட்டோ நனைஞ்சுரும்னு இந்தச் சட்டையைத் துவைக்கவே இல்லை."

"அதான் அப்பவே காத்துல வந்துச்சு" என்றாள் பேச்சியம்மாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. வாசலிலேயே சப்பென்று உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வையாபுரி முறைக்கப் பார்த்தார். அக்கா கன்னத்துக் கரிக்கோட்டில் கண்ணீர் வழிந்து மீசைபோல இறங்குவதைப் பார்த்ததும் அவரும் தோற்றுவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் பேச்சியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஏண்டா தம்பி, இதுக்கு முன்னாடி வந்தவன் எல்லாம் தன்னைப் பெரிய புத்திசாலின்னான். விசாரிச்சா ஒருத்தனும் அப்படி இல்லை. இவன் முட்டாள்ங்கிறான், பார்த்தா அசல் முட்டாளா இருக்கான். சொன்ன சொல்லு மாறாத பிள்ளை. நம்ம தவமணி கெட்டிக்காரி, ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதும். தாராளமாக் குடுக்கலாம்."

இந்தச் சமயத்தில் பூக்கூடையோடு வந்து சேர்ந்தாள் வீராயி. சன்னலைப் பார்த்தாள், சம்பந்தியம்மாவின் கன்னத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்கிற பயம். "இழுங்கடா!" என்று மட்டும் கத்தினாள். உள்ளே நால்வரும் இழுக்க, வெளியே வையாபுரி தள்ள, கதவு படாரென்று திறந்து வையாபுரி நால்வர் மேலும் விழுந்தார். அப்படியாகச் சம்பந்தம் நெருக்கமானது.

விளக்கு வெளிச்சத்தில் பலகாரம் சாப்பிட்டார்கள், தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். அதற்குள் மேற்கே வானம் கருத்து, காற்று கிளம்பிவிட்டது. பஸ் வருகிற நேரம். வீராயி அவர்களை வழியனுப்பக் கூடவே கிளம்பினாள். தெருவில் இறங்கிய வையாபுரி திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"காத்து பலமா அடிக்குது. கதவை நல்லாச் சாத்துங்க மாப்பிள்ளை!"

"சரிங்க மாமா" என்றான் திருமேனி.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் நால்வரும் கதவைச் சுற்றி நின்றார்கள். பாவம், காலையில்தான் குளித்து, சாம்பிராணி வாசத்தோடு அகலத் திறந்து நின்றது.

"அது என்ன தப்பு பண்ணுச்சு?" என்றான் உக்கிரபாண்டி. கதவைத் தடவிக்கொடுத்தான்.

"அவரை வாசல்லயே நிறுத்தி வச்சுச்சுல்ல. கோவம் இருக்கத்தானே செய்யும்?" என்றான் சன்னாசி.

"மாமனாரு வாயில இருந்து வந்த முதல் வேலைடா. மறுக்க முடியுமா?" என்றான் திருமேனி. "நான் ஒரு மடையன். அவரு சொல்லாமலே நானா செஞ்சிருக்கணும்."

விளக்குமாற்றால் அடித்தால் அது கதவுக்கு அவமானம் என்று தீர்மானமானது. புளியம்விளாறு வெட்டி வந்தார்கள். மனதைக் கல்லாக்கிக்கொண்டு முதல் அடியைத் திருமேனியே போட்டான். பிறகு நாலு பேரும் சேர்ந்து சாத்து சாத்தென்று சாத்தினார்கள்.

பஸ் நிறுத்தம்வரை சத்தம் கேட்டது. "எவ்வளவு பொறுப்பாச் சாத்தறாங்க பாருக்கா" என்று பூரித்தார் வையாபுரி. "ஆணி அடிச்சே சாத்தறாங்க போல." வீராயி பஸ் சீக்கிரம் வர வேண்டும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டிருந்தாள்.

இங்கே மூக்கையாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது. விளாறைத் தரையில் ஊன்றி, "நல்லாச் சாத்தச் சொன்னாரே, இது போதுமாடா?" என்று கேட்டான்.

திருமேனி கதவை மேலும் கீழும் பார்த்தான். திறந்த வாசல் வழியாகக் காற்றும் மழையும் எதிர்வீட்டு எருமையும் உள்ளே வந்துகொண்டிருந்தன.

"போதாதுடா" என்றான். "இவ்வளவு அடி வாங்கியும் பயமே இல்லாம எப்படித் திறந்துக்கிட்டு நிக்குது பாரு. இன்னும் நாலு போடு!"