தொட்டித் தீர்த்தம்

ஏற்காட்டு விடுதியில் விருந்தாளிகள் குளிக்கும் வெந்நீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்வது பூங்காவனத்தின் வேலை. குளோரின் மருந்தை அளந்து போட்டுத் தண்ணீரைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பாள். ஒருநாள் முதலாளி சிதம்பரநாதன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்ன மருந்து நாத்தம்! இது மலை ஊத்துத் தண்ணி, தீர்த்தம்! இனி ஒரு சொட்டு மருந்து விழுந்தா உன் வேலை காலி. ஆனா தண்ணி மட்டும் பளபளன்னு இருக்கணும்!"

"சரிங்க முதலாளி."

அந்த வாரம் பூராவும் விருந்தாளிகள் எண்ணெய்த் தலையோடு இறங்கிக் கும்மாளம் போட்டார்கள். தொட்டி நுரை தள்ளிக் கலங்கிப்போனது. எல்லாரும் கூடிச் சத்தம் போட்டார்கள்.

"தீர்த்தத்துக்கு ஏதுங்க அழுக்கு?" என்று முதலாளி மார்தட்டினார்.

பூங்காவனம் விடுவாளா? பித்தளைச் சொம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டாள், துளசியைக் கிள்ளிப் போட்டாள், அத்தனை பேர் முன்னாலும் நீட்டினாள்.

"முதல் தீர்த்தம் முதலாளிக்குத்தான். கையை ஏந்துங்க!"

சிதம்பரநாதன் துள்ளிப் பின்வாங்கினார். "அடச்சீ! கண்டவனும் குளிச்ச தண்ணி!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பூங்காவனம் சொம்போடு இன்னும் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"குடிக்க வேணாங்க. தலையில தெளிக்கட்டுங்களா, இல்ல தொட்டியில மருந்து போடட்டுங்களா?"

"போடு தாயே, போடு!"