முகம் இல்லாத மகாராஜா

தாமோதரனுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. அவன் எழுதிவரும் மகாராஜாவின் படம் இன்று முடியப் போகிறது. படம் மகாராஜாவுக்குப் பிடித்துவிட்டால் தர்பார் மண்டபச் சுவர் முழுக்க அவன் கைவண்ணம்தான். பிடிக்காவிட்டால் ஊரைப் பார்த்து நடையைக் கட்ட வேண்டியதுதான்.

தங்கரேக்குத் தகடு ஒட்டி, கல் பதித்த மகுடம் படப் பலகையில் ஜொலித்தது. அதன் கீழே முகம் வெறுமையாக இருந்தது. அவர்கள் தொழிலில் பொன்வேலை முதலில், முகம் கடைசியில்.

"ஐயா, பாருங்க! கண்ணு கூசுதில்ல?" என்றான் குரு வெங்கடப்பரிடம்.

"கூசுது. யாரப்பா இது?"

"இதென்ன கேள்வி! மகுடம் இருக்கே. கீழே எந்த முகத்தை வச்சாலும் ராஜாதான்."

"சரி, முகத்துக்கு மகாராஜாவே வந்து உட்காரப் போறார். தயாரா இரு."

அவ்வளவுதான், பையன் தலைகால் புரியாமல் பறந்தான். பாயை விரித்தான், சுருட்டினான், மறுபடி விரித்தான். அப்போது வேட்டியும் துண்டுமாக ஒருவர் உள்ளே வந்தார். குரு எழுந்து நின்றதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

வந்தவர் பலகையைத் தொடப் போனார். "முகத்தைக் காணோமே?"

"யாருய்யா நீ? தள்ளி நில்லு! மகாராஜா வர்ற நேரம். பசை காயல, கை பட்டா வேலையே கெட்டுடும்!"

அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "ஐயோ, ஒண்ணும் கெடலையே?" என்று பலகையை உற்றுப் பார்த்துவிட்டு ஓரமாகப் போய் நின்றார்.

வெள்ளித் தட்டில் மகுடத்தை ஏந்திக்கொண்டு ஒரு சேவகன் வந்தான். நேரே அவர் முன் போய்க் குனிந்தான். "மகாராஜா!"

தாமோதரனுக்கு உயிரே போய்விட்டது. எத்தனை ஊர்வலம் பார்த்திருப்பான்! அவன் கண் ஒருநாளும் மகுடத்தைவிட்டுக் கீழே இறங்கியதில்லை. நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"எழுந்திரப்பா, முகம் எழுத வேண்டாமா?" என்று சிரித்தபடி மகாராஜா பாயில் உட்கார்ந்தார்.

தாமோதரன் தூரிகையை எடுத்தான். "ஐயா, எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்?" என்று குருவின் காதோரம் கேட்டான்.

"தள்ளி நில்லுன்னு விரட்டினியே, அப்போ அந்த முகத்துல என்ன இருந்துச்சு?"

தாமோதரன் யோசித்தான். "கோபமே இல்லைங்க. என் வேலை கெட்டுடுச்சோன்னு பதறிட்டார்."

"அதை எழுது. உன் மகுடம் அதுக்குப் பொருந்துதான்னு அப்புறம் பார்ப்போம்."